நோய்க் குறிப்பு யாருக்கு உரியது?

கொடகவெல, கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் வாழும் நம்மவர் ஒரே இடத்தில் வைத்தியம் பெறுவதில்லை. காய்ச்சலுக்குத் தோட்ட மருந்தகம், நீரிழிவுக்கு அரச ஆஸ்பத்திரிக் கிளினிக், அவசரத்துக்கு டவுனில் தனியார் டாக்டர், பெரிய வருத்தமென்றால் இரத்தினபுரி. ஓரிடத்தில் எழுதியது மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க முடியாது. அதைச் சுமந்து செல்பவர் பெரும்பாலும் நோயாளிதான். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று கொப்பியில் எழுதியுள்ள ஒரு வரியைப் புதிய டாக்டர் காணாவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவ்விடயத்தில் நமது தாய்மாரே முன்மாதிரி. கர்ப்பகாலப் பதிவேடும் பிள்ளையின் நிறை, தடுப்பூசி விபரங்கள் அடங்கிய பதிவேடும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. மருத்துவிச்சி எழுதுகிறார், தாய் பாதுகாக்கிறார். அதே கவனம் தகப்பனின் பிரஷர் கொப்பிக்கும் வேண்டும்.

வார்டில் எழுதப்படும் டிக்கட் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும். வீடு திரும்பும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். பின்னர் விபரம் தேவைப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அரச ஆஸ்பத்திரிக்குரிய தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். அதே சட்டம், ஒருவரது மருத்துவப் பதிவை அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுக்க மறுக்கவும் இடமளிக்கிறது.

கம்பனிகளும் தனியார் ஆஸ்பத்திரிகளும் வைத்திருக்கும் விபரங்களையும் கருத்திற்கொண்டு 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சுகாதார விபரங்களுக்கு அது விசேட பாதுகாப்பு அளிக்கிறது. தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் உள்ள உரிமையை அது ஏற்கிறது. சில ஆஸ்பத்திரிகளில் பதிவுகள் கணினிக்கு மாறிவரும் இக்காலத்தில் இது முக்கியமானது.

சட்டம் இருந்தும் நாம் கவனமாயிராவிட்டால் பயனில்லை. சுவாச நோய், மனநோய், கருத்தடை பற்றிய விபரம் லயம் முழுவதும் பரவினால், அடுத்த முறை அந்நோயாளி கிளினிக் பக்கமே போகமாட்டார். லீவுக்காக மருத்துவச் சான்றிதழைக் கொடுக்கலாம். முழுக் கொப்பியையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பிள்ளையோ அயலவரோ மொழிபெயர்க்க வந்தால், அவர் எதைக் கேட்கலாம் என்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும்.

நாம் செய்யக்கூடியவை சில:

• கொப்பி, அட்டை, இரத்தப் பரிசோதனைத் துண்டுகளை ஒரே பொலித்தீன் உறையில், கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.
• ஒவ்வாத மருந்தின் பெயரை முன்பக்கத்தில் எழுதுவியுங்கள்.
• வருத்தத்தின் பெயரையும் மருந்தின் பயனையும் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகும்.
• எந்த டாக்டரிடம் போனாலும் உறையைக் கொண்டு செல்லுங்கள்.

உடம்பு நம்முடையது. அதைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது.