சுக்கில வருஷம் தை மாதம்

டீ வரட்டும் தம்பி. அதற்குள் உங்கள் தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிடுவோம். ‘சுக்கில வருஷம் தை மாதம்’ என்று போட்டிருக்கிறது. பஞ்சாங்கப் பட்டியலில் சுக்கிலவுக்கு நேரே 1929 என்று இருப்பதைப் பார்த்து நீங்களும் 1929 என்றே எழுதிவிட்டீர்கள். வம்ச வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பலரும் சறுக்குகிற இடம் இது. சுக்கில வருஷம் 1929 சித்திரையில் பிறந்து 1930 பங்குனியில்தான் முடிகிறது. அதன் தை மாதம் 1930 ஜனவரி பாதியில் தொடங்குகிறது.

ஒரு வருஷம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்பீர்கள். இந்தச் சுக்கில வருஷத்தில் அது பெரிய விஷயம். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வைத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் சிறுவர் சிறுமியருக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். ஆகவே அந்தத் தை மாதத்து மணப்பெண்ணுக்கு எட்டு வயதாகவும் இருந்திருக்கலாம். பின்னால் எழுதிய ஏதோ ஒரு காகிதத்தில் ‘கல்யாணத்தின்போது வயது 14’ என்று கண்டால், அது சட்டத்தை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். இன்னொன்று, பத்திரிகை கல்யாணத்துக்கு முன்பே அச்சாவது. சாவுத் தீட்டில் முகூர்த்தம் தள்ளிப்போயிருந்தால் பத்திரிகைக்கு அது தெரியாது.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சர்ச் பதிவேடு பத்திரிகையைவிட மேல். கல்யாணம் நடந்த கையோடு எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதால் தேதியை நம்பலாம். 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் சபைகள் நம் வட ஆற்காட்டுப் பக்கம் நிறைய உண்டு. ஆனால் வயதுக் கட்டத்தில் மட்டும் கண்ணை அகல விரியுங்கள். 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இந்தியக் கிறிஸ்தவர்களில் மாப்பிள்ளைக்கு 16, பெண்ணுக்கு 13 தாண்டியிருக்க வேண்டும் என்றது. அந்தக் கோட்டை ஒட்டியே வயது விழுந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பிறந்த தேதி யாருக்குத் தெரியும் அப்போது? அந்தச் சட்டம் தந்த படிவத்தில் தகப்பன் பெயருக்குக் கட்டம் உண்டு, தாய் பெயருக்குக் கிடையாது. எத்தனை கொள்ளுப்பாட்டிகள் அந்த இல்லாத கட்டத்தில் தொலைந்தார்களோ!

பேரணாம்பட்டு, ஆம்பூர் தோல் வியாபாரக் குடும்பங்கள் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரை, அதாவது கல்யாணப் பதிவேட்டை, கேளுங்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையும் சாட்சிகளும் அதில் உறுதி, பின்னால் வழக்கு வந்தால் அதுதானே பேசும். தேதி ஹிஜ்ரியில் இருக்கும். ஹிஜ்ரி 1342 என்றால் 1923 ஆகஸ்டிலிருந்து 1924 ஆகஸ்டு வரை போகும். பிறை பார்த்ததில் ஒரு நாள் கூடக்குறையவும் ஆகும்.

இந்துக் கல்யாணங்களுக்குத்தான் கஷ்டம். எல்லோரும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2009இல். அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு நான் முதலில் கேட்பது மொய் நோட்டு. எட்டணாவோ ஒரு ரூபாயோ திருப்பிச் செய்ய வேண்டிய பணம், அதனால் இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர் என்று கவனமாக எழுதியிருப்பார்கள். தாய்மாமன் வீடு எந்த ஊர் என்பது பல குடும்பங்களில் அந்த நோட்டில்தான் கிடைக்கும். கரையான் விட்டுவைத்திருந்தால்!

ஊர்ப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர் சித்தூர். வாணியம்பாடி அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்த திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. 1905ஆம் வருஷத்துக் காகிதத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று பெண் வீட்டு விலாசம் இருந்தால், கொள்ளுப்பாட்டியைச் சேலத்துக்காரி என்று எழுதுவதற்கு முன் அடுத்த வரியில் தாலுகா பெயரைப் படியுங்கள். அவர் ஆம்பூருக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணாகவே இருக்கலாம்.