பெயரில் முகவரி எதற்கு?

தீபாவளிக்கு வந்திருந்த மாப்பிள்ளைக்கு லினக்ஸில் டிரைவர் எழுதும் வேலை. நாங்கள் ரயில்வேயில் பார்த்த டிரைவர் அல்ல. கம்ப்யூட்டரோடு இணைந்த ஒரு கருவியை இயக்கும் மென்பொருள். அவர் எழுதி அனுப்பியதை, "பெயரில் முகவரி வேண்டாம்" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டாராம் மூத்தவர். அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் நம் சங்க அன்பர்களுக்குச் சொல்கிறேன். நம் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தானே!

கருவிகள் இரண்டு மூன்று இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கும் நினைவகப் பகுதிக்குத் தனிப் பெயர் வேண்டும. ஒரே இடத்தில் ஒரே சமயம் இரண்டு இருக்க முடியாது என்பதால், இருக்கும் முகவரியையே பெயரோடு ஒட்டிவிடுவது சுலப வழி. வம்பு அங்கேதான். அந்தப் பெயர் 'சிஸ்' என்ற அடைவில் எல்லோர் கண்ணிலும் படும். உள்ளே திறக்க அனுமதி இல்லாதவனும் பெயரைப் படித்துவிடலாம். எது எங்கே இருக்கிறது என்று தெரியக் கூடாதென்றே, 2014 முதல் கெர்னலை ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் ஏற்றும் வசதி வந்தது. இடத்தை மறைத்துவிட்டுப் பெயரில் எழுதி ஒட்டினால்?

கூட்ஸ் வேகனில் பதினோரு இலக்க எண் உண்டு. வகை, சொந்தக்கார ரயில்வே, கட்டிய வருடம் எல்லாம் அதில் அடக்கம். யார்டில் எந்த லைனில் நிற்கிறது என்பது மட்டும் இருக்காது. இருந்தால் சீலை உடைக்க வருகிறவனுக்குத் தேடும் வேலை மிச்சம்.

பெரியவர்களும் இதில் சறுக்கியதுண்டு. நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிக்கும் 'கான்ட்ராக்' பகுதியில் இதே தவறு இருந்தது. 2016 மே மாதம் லினஸ் டோர்வால்ட்ஸே அதைத் திருத்தினார். முகவரியை எடுத்துவிட்டு, ஒன்றொன்றாய் ஏறும் ஓர் எண்ணை வைத்தார். அவ்வளவுதான்!

2018-இல் வந்த 4.15 பதிப்பிலிருந்து, வழக்கமான முறையில் அச்சிடும் முகவரியைக் கெர்னலே உருமாற்றிக் காட்டுகிறது. அப்படியானால் பழையபடி எழுதலாமே என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். உருமாறிய எண் 32 பிட்டுக்குள் அடங்குவதால், இரண்டு முகவரிகளுக்கு ஒரே எண் வர இடமுண்டு. தனிப் பெயர் வேண்டும் என்ற நோக்கமே போயிற்று.

இப்போது அவர் 'ஐ.டி.ஏ.' என்ற கெர்னல் வசதியிடம் எண் கேட்கிறார். அது 0, 1, 2 என்று தரும். கருவியைக் கழற்றும்போது எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதல் தடவை அதை மறந்து, இன்னொரு முறையும் திருப்பி வாங்கினாராம்.