சுருட்டுப் பெட்டியில் சேர்ந்த காசு

வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை கித்தாரைக் கையில் எடுத்தால் நமக்கு என்ன தோன்றுகிறது? "படிப்பு போயிற்று, இனிக் கூட்டாளிகள், குடி, ஊர் சுற்றல்தான்" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறோம். அந்த அச்சம் வீண் என்று சொல்ல வரவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். ஆனால், குடிக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே ஓர் இசைக்குழுவை நடத்திக் காட்டிய பிள்ளைகளும் உண்டு. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் நடந்த கதை இது. சற்றுக் கேளுங்கள்.

இது என்ன இசை?

1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் 'பங்க்' என்ற இசை பரவியது. பல ஆண்டு பயிற்சி வேண்டாம், விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம், மனத்தில் உள்ளதை உரக்கச் சொன்னால் போதும் என்பதே அதன் கொள்கை. அதை இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக வாசிப்பது 'ஹார்ட்கோர்'. பாட்டு ஒரு நிமிடத்திலேயே முடிந்துவிடும். நம் பெரியவர்கள் கேட்டால் தகரக் கூரையில் கல்மழை பெய்கிறது என்பார்கள். அதில் தவறும் இல்லை!

வாஷிங்டனில் இந்த வேகத்துக்கு வழி காட்டியது 'பேட் பிரெய்ன்ஸ்' குழு. ஜாஸ் கலந்த இசை வாசித்துத் தேர்ந்த கறுப்பின இளைஞர்கள் அவர்கள்.

நால்வர் சேர்ந்தனர்

இயன் மெக்காய் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவர். 1979 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மண்டபத்தில் 'கிராம்ப்ஸ்' என்ற குழுவின் நிகழ்ச்சிக்குப் போனார். இசை என்பது பிறவி மேதைகளுக்கு மட்டும் உரியதன்று, நம்மாலும் முடியும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. அதே ஆண்டில் பள்ளித் தோழர் ஜெஃப் நெல்சனையும் வேறு இரு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். வேலையற்றுச் சும்மா கிடக்கும் பிள்ளைகள் என்று ஊர் ஏசுவதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

ஒருவர் பாட, ஒருவர் கித்தார் மீட்ட, இயன் பேஸ் கித்தார் வாசிக்க, ஜெஃப் டிரம்ஸ் அடித்தார். இவர்கள் பரம ஏழைகள் அல்லர். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆயினும், இந்த இசைக்குப் பணம் போட முன்வந்த முதலாளி எவரும் இல்லை.

கையில் போட்ட குறி

நிகழ்ச்சி நடத்த இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. இசை மன்றங்களுக்கு வருமானம் மது விற்பனையில்தான். வயது குறைந்தவர்களை உள்ளே விடத் தயங்கினார்கள். பாடுகிறவர்களே சிறுவர்களாக இருந்தால் என்ன செய்வது?

1980-இல் இவர்கள் பேருந்தேறி நாட்டின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியாவுக்குப் போனார்கள். சான்பிரான்சிஸ்கோ மன்றமொன்றில், மது வாங்கும் வயது வராதவர்களின் கையில் மையால் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டதைக் கண்டார்கள். ஊர் திரும்பியதும், "எங்கள் கையிலும் அப்படிக் குறி போடுங்கள், நாங்கள் குடிக்க மாட்டோம், பாட்டைக் கேட்க விடுங்கள்" என்று கேட்டு வழி உண்டாக்கிக்கொண்டார்கள். விலக்கி வைக்கப் போட்ட குறி, பின்னாளில் குடியைத் தொடாத இளைஞர்கள் பெருமையோடு தாங்களே போட்டுக்கொள்ளும் அடையாளமாயிற்று.

பங்கு போடுவதா?

நிகழ்ச்சிகளில் கிடைத்த சில்லறையை இவர்கள் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வந்தார்கள். யாரும் தம் செலவுக்கு அதிலிருந்து எடுக்கவில்லை. 1980 நவம்பரில் குழு கலைந்தபோது பெட்டியில் சில நூறு டாலர் இருந்தது.

எண்ணிப் பாருங்கள்! குழு கலைந்துவிட்டது. ஆளுக்கு நாலில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அண்டை ஊரான ஆர்லிங்டனில், ஒரு வீட்டுக்குள் நடந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்து வைத்திருந்த 8 பாட்டுகளை இசைத்தட்டாகப் போட முடிவு செய்தார்கள். 1000 தட்டுகள். உறைகளை நண்பர்கள் கூடி உட்கார்ந்து தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். நிறுவனத்துக்கு 'டிஸ்கார்ட்' என்று பெயர். முகவரி? இயனின் பெற்றோர் வீடுதான்! பிறகு மற்ற நண்பர்களின் தட்டு என்று வளர்ந்தது. லாபத்தைக் குழுக்களோடு பகிர்ந்துகொள்ளும் அந்த நிறுவனம், நாற்பது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நிலைத்திருக்கிறது.

சண்டையும் உண்டு

இயனும் ஜெஃப்பும் அடுத்து 'மைனர் திரெட்' குழுவை அமைத்தார்கள். இதில் இயன் பாடகர். மதுவும் போதையும் வேண்டாம் என்று அவர் பாடிய 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற பாட்டு 1981-இல் வெளிவந்தது. ஒரு நிமிடம் கூட ஓடாத அந்தப் பாட்டின் பெயரே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

ஆனால் எல்லாம் இனிப்பாக நடந்துவிடவில்லை. ஊருக்குக் கட்டளை போடுவது போல இருக்கிறதே என்று ஜெஃப்புக்கு மனத்தாங்கல். 1983-இல் வேறொரு பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, இது சட்டதிட்டம் அல்ல என்ற விளக்கத்தையும் பாட்டினிடையே சேர்த்தார்கள். அதே ஆண்டில் கருத்து வேறுபாட்டால் குழு கலைந்தது. பிற்காலத்தில் இந்தக் கொள்கையின் பெயரால் பிறரை அடித்தவர்களும் இருந்தார்கள். இயன் அதை ஏற்கவில்லை. 1987-இல் அவர் தொடங்கிய 'ஃபுகாசி' குழு, எல்லா வயதினரும் வரும்படி 5 டாலர் போன்ற குறைந்த கட்டணத்தில் நிகழ்ச்சி நடத்தியது. கூட்டத்தில் கலாட்டா செய்தவர்களிடம் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிய சம்பவங்களும் உண்டு.

தம்பி தங்கைகளே! குழு அமைக்க நாலு பேர் போதும். ஆனால் முதல் நாளே இரண்டு காரியம் பேசிக்கொள்ளுங்கள்: காசு எந்தப் பெட்டியில் இருக்கும்? அதை எதற்குச் செலவிடுவோம்? இதைப் பேசாததால் உடைந்த நட்புகள் ஏராளம்.

பெற்றோர்களே! அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை யாரோடு சேர்ந்து வாசிக்கிறான், பாட்டில் என்ன சொல்கிறான் என்று ஒரு நாள் உட்கார வைத்துக் கேளுங்கள். வீட்டில் ஒரு மூலையை அவனுக்கு விட்டுக்கொடுத்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று இரவில் தேட வேண்டியிராது.