மழலையின் வளர்ச்சியில் தாமதமா? காத்திருத்தல் வேண்டாம்

"இவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று கூறி நாள் கடத்தும் வழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. சில குழந்தைகள் பின்னர்ப் பேசிவிடுவதும் உண்மையே. ஆயினும், எக்குழந்தைக்கு உதவி தேவை என்பதைப் பரிசோதனையின்றி அறிய இயலாது. செவிக் குறையாலும் பேச்சு தடைபடலாம்.

முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மிக விரைந்து வளர்கின்றது. ஆகவே, அப்பருவத்தில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பயன் தரும்.

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று தென்படினும் கவனித்தல் வேண்டும்:

- 9 மாதத்தில் பிடிப்பின்றி உட்காராமை
- 18 மாதத்தில் நடவாமை
- 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை
- பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராமை

பகலெல்லாம் குழந்தையுடன் இருக்கும் பாட்டியோ ஆயாவோ இவற்றை முதலில் காணக்கூடும். அவர் சொல்லைப் புறக்கணித்தல் ஆகாது. குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டுடன் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுங்கள். தேவையெனில், சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அங்கிருந்தே அனுப்புவர்.

1984ஆம் ஆண்டு திரெங்கானுவில் தொடங்கிய 'பி.டி.கே.' எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம் இன்று நெகிரி செம்பிலானிலும் நடைபெறுகின்றது. சமூக நல இலாகாவில் குழந்தையைப் பதிந்துகொள்வது இழுக்கன்று. அஃது உதவிக்கான வாயில்.

நிலையத்தில் கற்ற பயிற்சியை வீட்டிலும் தொடருங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் குழந்தையிடம் பேசுங்கள். ஐயம் எழுந்த நாளிலேயே புறப்படுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.