எழுத்து வளரட்டும், கழுத்து வளைய வேண்டாம்

நூறு சதவீதம் மருத்துவக் கணக்கு அல்ல

கம்ப்யூட்டர் திரையில் எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் முதலில் நகர்வது தலைதான். முதுகு கூனுகிறது, கழுத்து முன்னால் நீள்கிறது, கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 60 செ.மீ. இருந்த தூரம் 30 ஆகிவிடுகிறது. சாயங்காலம் தலைவலி வந்தால் பழி கண்ணாடி மீதோ வயதின் மீதோ விழுகிறது. திரையில் எழுத்தின் அளவு 100 சதவீதத்தில் நிற்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. நூறு என்றாலே அதுதான் சரி என்று ஒரு நினைப்பு. அந்த எண் கண்ணைப் பார்த்து வைத்ததல்ல, திரையின் புள்ளிகளை எண்ணி வைத்தது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் வரும். அதே எண்ணிக்கையை 14 அங்குல லேப்டாப்பில் அடைத்தால் அங்குலத்துக்கு 157. ஆகவே அதே 100 சதவீதத்தில், அதே எழுத்து, லேப்டாப்பில் பெரிய திரையில் இருந்ததில் கிட்டத்தட்ட 58 சதவீதமாகச் சிறுத்துவிடுகிறது. பல லேப்டாப்களில் விண்டோஸ் தானாகவே 125 அல்லது 150 சதவீதத்தைப் பரிந்துரைப்பது இதனால்தான். அதையும் ‘இடம் போதவில்லை’ என்று குறைத்துவைப்பவர்கள் உண்டு.

தெரிவது வேறு, படிப்பது வேறு

‘எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே’ என்பது முதல் மறுப்பு. 1862-இல் ஸ்னெல்லன் வகுத்த பார்வைப் பலகையின் கணக்கில், ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள எழுத்தை அடையாளம் கண்டால் பார்வை 6/6. 60 செ.மீ. தூரத்தில் இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அது ஒற்றை எழுத்தை நின்று நிதானித்துச் சொல்வதற்கான எல்லை. பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு அது போதாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் லெக் நடத்திய ஆய்வுகள் காட்டுவது இது: எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் வாசிப்பு வேகம் ஒரு கட்டம் வரை மாறாது, அதற்குக் கீழே போனதும் சட்டென விழும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கு அந்தக் கட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு டிகிரி, அதாவது 60 செ.மீ. தூரத்தில் 2 மி.மீ. இனி லேப்டாப்புக்கு வருவோம். இணையப் பக்கங்களின் வழக்கமான 16 பிக்சல் எழுத்தில், ஆங்கில ‘x’-இன் உயரம் 100 சதவீதத்தில் சுமார் 1.3 மி.மீ. தான். 150 சதவீதம் வைத்தால் சரியாக 2 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

தமிழ் படிப்பவருக்கு இன்னும் தாராளம் வேண்டும். ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று, சிறிய அளவில் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியோ சில இடங்களில் கண்ணுக்கே தட்டாது. பழகிய சொல் என்பதால் மூளை ஊகித்து ஓட்டிவிடுகிறது. பெயர்ப் பட்டியலையும் சர்வே எண்ணையும் அப்படி ஊகித்து ஓட்ட முடியாது.

கிட்டே போனால் என்ன?

தூரத்தைப் பாதியாக்கினால் எழுத்து இரு மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது உண்மையே. அதற்கான விலையைக் கண் கொடுக்கிறது. 60 செ.மீ.யில் இருப்பதைத் தெளிவாகக் காட்ட விழிலென்ஸ் சுமார் 1.7 டயாப்டர் குவிந்தால் போதும், 30 செ.மீ.க்கு 3.3 வேண்டும். இரு விழிகளும் மூக்கை நோக்கி அதிகம் திரும்பவும் வேண்டும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்கு அந்தக் குவிப்பு எளிதில் கைவருவதில்லை. எழுத்தைப் பெரிதாக்குவது இதே பலனை உட்கார்ந்த இடத்திலேயே தருகிறது.

கண் வறட்சிக்கு இது மருந்தாகும் என்று சொல்ல மாட்டேன். சும்மா இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரி 22 முறை இமைப்பவர்கள் புத்தகம் படிக்கையில் 10 முறையும், திரையைப் பார்க்கையில் 7 முறையும்தான் இமைத்தார்கள் என்று ஜப்பானில் சுபோட்டாவும் நகமோரியும் 1993-இல் எழுதினார்கள். அதற்கு இடையிடையே பார்வையை விலக்கி இமைக்கத்தான் வேண்டும். அதே சமயம், நீல ஒளியைத் தடுக்கும் ‘புளூ கட்’ கண்ணாடி குறுகிய காலத்தில் கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. காசு கொடுத்து வாங்கியதில்தான் குணம் இருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

‘கண் சோம்பேறியாகிவிடாதா?’

கண்ணாடி போட்டால் பார்வை கெடும் என்ற பழைய பயத்தின் புது வடிவம் இது. சிறிய எழுத்தோடு மல்லுக்கட்டினால் வெள்ளெழுத்து தள்ளிப்போகாது. அது லென்ஸ் இறுகுவதால் வருவது. பக்கம் குலையும், பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்கும் என்ற குறையில் நியாயம் இருக்கிறது. பெரிய எக்ஸெல் அட்டவணையில் இது நிஜத் தொல்லை. அங்கே மட்டும் குறைத்துக்கொள்ளலாம். முறையாக அமைத்த இணையப் பக்கம் 200 சதவீதம் வரை தாங்க வேண்டும் என்பது சர்வதேச அணுகல் நெறி. பிரவுசரில் கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியைத் தட்டினால் பெரிதாகும், சைபரைத் தட்டினால் பழைய அளவு திரும்பும். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். எல்லாமே பெரிதாக வேண்டுமென்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் ‘ஸ்கேல்’ இருக்கிறது. வேர்டில் ஜூம் ஏற்றினால் பிரின்ட் பெரிதாக வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஃபான்ட் அளவை மாற்றினால்தான் அப்படி ஆகும். ரெசல்யூஷனைக் குறைப்பது மட்டும் கூடாது. தட்டைத் திரையின் புள்ளிகள் நிலையானவை என்பதால் எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும்.

எண் ஏறிக்கொண்டே போனால்

125 போதும் என்றிருந்தவருக்குச் சில மாதங்களில் 175 தேவைப்பட்டால், அது திரையின் பிரச்சினை அல்ல. புரை, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு போன்றவற்றை ஜூம் மறைத்துவைக்கக்கூடும் என்பதுதான் இந்த வழிக்கு எதிரான வலுவான வாதம். சர்க்கரை உள்ளவர்கள் எழுத்து நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். புரோகிரசிவ் கண்ணாடிக்காரர்களுக்குச் சிக்கல் வேறு. கிட்டப் பார்வைப் பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், மோவாயைத் தூக்கிக்கொண்டே திரையைப் பார்க்கிறார்கள். எழுத்து பெரிதானாலும் அந்தப் பழக்கம் தொடரும். இவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி, சாய்ந்து வசதியாக உட்கார்ந்தபின் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, கண் பரிசோதனையின்போது அந்த எண்ணைச் சொன்னால், கம்ப்யூட்டருக்கென்று தனிப் பவர் எழுதித்தருவார்கள்.