சிறுவருக்கேற்ற மிதிவண்டி

வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, இரண்டு விரற்கடை கூட்டியே தைக்கும்படி தையற்காரரிடம் சொல்லுவது நம் வீடுகளில் வழக்கம். அடுத்த தீபாவளி வரையில் அது உதவ வேண்டுமே! சட்டையைப் பொறுத்த மட்டில் இது நல்ல சிக்கனந்தான். ஆனால் இதே கணக்கை மிதிவண்டிக்கும் போட்டு, 6 வயதுக் குழந்தைக்கு 9 வயதுக்கு உரிய வண்டியை வாங்கி விடுகிறோம். தொளதொளத்த சட்டையினால் ஒரு பிள்ளையும் கீழே விழுவதில்லை. கால் எட்டாத வண்டியிலோ விழாத பிள்ளை அரிது.

மாணவ நண்பர்களே, தம்பிக்கோ தங்கைக்கோ வண்டி வாங்கத் தந்தையார் புறப்படும்போது உடன் செல்பவர் பெரும்பாலும் நீங்களே. கடைக்காரர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்பவரும் நீங்களே. ஆகையால் இதை உங்களிடம் கூறுவது பொருத்தமாகும்.

தஞ்சைத் தரணியில் இந்தச் செய்திக்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உண்டு. மேடு பள்ளம் இல்லாத இந்தச் சமவெளியைப் போல் மிதிவண்டிக்கு உகந்த நிலம் வேறு எங்கே கிடைக்கும்? ஆயினும் நம் சிற்றூர்ப் பாதைகளுள் பல ஆற்றங்கரைகளும் வாய்க்காற் கரைகளுமே ஆகும். வெண்ணாறு, வெட்டாறு, மேட்டூர்த் திட்டத்தோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய் என எதன் கரையில் சென்றாலும், ஒருபுறம் ஓடும் நீர். மறுபுறம் சரிவும் சேற்று வயலும். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதியை உலரும் நெல் பிடித்துக் கொள்கிறது. எதிரே ஒரு டிராக்டர் வருமானால் குழந்தை செய்யத்தக்கது ஒன்றுதான்: நிறுத்திக் காலை ஊன்ற வேண்டும். ஊன்றுவதற்குத் தரை எட்டவில்லையாயின், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே குழந்தையும் போகும். அந்தப் பக்கத்தில் வாய்க்கால் இருக்கலாம்.

‘நாங்களெல்லாம் குரங்குப் பெடல் போட்டுக் கற்கவில்லையா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரியவர்களின் 28 அங்குலச் சக்கர வண்டியில், 8 வயதுச் சிறுவனின் இடுப்புக்கு மேலே நிற்கும் குறுக்குக் கம்பிக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, இருக்கையையோ கம்பியையோ ஒரு கையால் அணைத்துக்கொண்டு, உடல் ஒருபுறமும் வண்டி மறுபுறமுமாகச் சாய்ந்து செல்லும் அந்த வித்தை வியப்புக்கு உரியதே. ஆனால் அதில் கைப்பிடியைப் பிடிப்பது ஒரு கை. பிரேக்குக்கு எட்டுவதும் அந்த ஒரு கைதான். அக்காலச் சாலைகளில் லாரியும் மோட்டார் சைக்கிளும் மிகக் குறைவு. மேலும், வாடகைச் சைக்கிள் கடைகளில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று சிறுவர் வண்டிகள் மணிக்கணக்கில் கிடைத்தன. பிள்ளை வளர வளர வண்டியும் மாறியது. செலவும் குறைவு, அளவும் சரி. அத்தகைய கடைகள் பெரும்பாலும் மறைந்து போனது நமக்கு நஷ்டமே என்பது என் கருத்து.

நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். அவர்களுள் பலர் கற்றது குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியில்தான். குழந்தையை அந்தக் கம்பியில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வளர்ந்தவருக்கு ஓரளவு பொருந்தாத வண்டியும் வசப்பட்டு விடும். குழந்தையின் காலுக்கும் கைக்கும் அந்தச் சலுகை இல்லை. இன்று 11-ஆம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. அக்காள் இல்லாத நேரத்தில் தம்பி அதை எடுத்துவிடுகிறான். அவனுக்கு அது ஏற்றதன்று.

இனி, அளவு காணும் முறை. வயதை நம்ப வேண்டாம்; ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரின் கால் நீளம் வெகுவாக வேறுபடும். குழந்தையைச் செருப்பின்றிச் சுவரோரமாக நிறுத்துங்கள். கால்களுக்கிடையே ஒரு புத்தகத்தைச் செருகி, கவட்டில் படும்வரை உயர்த்தி, அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் கோடிடுங்கள். தரையிலிருந்து அக்கோடு வரை உள்ளதே உட்கால் அளவு. ஏறத்தாழ 15 முதல் 17 அங்குலமாயின் 12 அங்குல வண்டியும், 17 முதல் 21 ஆயின் 16 அங்குல வண்டியும், அதற்கு மேல் 25 வரை 20 அங்குல வண்டியும் பொருந்தும்.

இவ்வெண்கள் சக்கரத்தின் விட்டத்தையே குறிக்கின்றன என்பதை மறக்கலாகாது. 16 என்று எழுதிய இரண்டு வண்டிகளின் இருக்கைகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கக்கூடும். ஆகவே குழந்தையை ஏற்றிப் பாராமல் பணம் கொடுக்க வேண்டாம். புதிதாகக் கற்கும் குழந்தை இருக்கையில் அமர்ந்தபடியே இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும். பழகிய பிள்ளைக்கு முன்பாதம் பட்டால் போதும். இறங்கி நிற்கையில் கம்பிக்கும் கவட்டுக்கும் இடையே ஓரிரண்டு அங்குல இடைவெளி இருக்கட்டும். பிரேக் பிடியை அக்குழந்தையின் விரல்களாலேயே அழுத்தச் சொல்லிப் பாருங்கள்; பல வண்டிகளில் பிடி எட்டாது, அல்லது விறைத்திருக்கும். கைப்பிடி முனைகளில் ரப்பர் உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். உறை தேய்ந்து இரும்புக் குழாய் வெளியே தெரியும் முனை, விழும்போது வயிற்றில் குத்தி உட்காயம் உண்டாக்கும்.

சிக்கனத்துக்கும் வழி உண்டு. பொருத்தமான வண்டியின் இருக்கைத் தண்டை ஆண்டுதோறும் சிறிது உயர்த்திக்கொண்டே போகலாம். தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும் வரை மட்டும் உயர்த்தலாகாது. அதன்பின் அந்த வண்டி சித்தப்பா வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டும்.

கற்பிக்கும்போது, துணைச் சக்கரங்கள் மாட்டுவதைக் காட்டிலும் மிதிகளைக் கழற்றிவிடுவது மேல். 1817-இல் ஜெர்மனியில் டிரைஸ் என்பவர் ஓட்டிய இருசக்கர வண்டிக்கு மிதியே கிடையாது. தரையைக் காலால் உந்திச் சென்றார். காலி நெற்களத்தில் குழந்தையும் அப்படியே உந்தி உந்திச் சமநிலையைக் கற்றுக்கொள்ளும். கால்களைத் தூக்கியபடி நேராகச் செல்லப் பழகிய பிறகு மிதிகளைத் திரும்ப மாட்டலாம். மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடப்பக்க மிதியின் மரை தலைகீழானது. வழக்கம்போல் வலப்புறமாக முறுக்கினால் அது ஏறாது. பலவந்தம் செய்தால் மரை கெட்டுவிடும்.