முதலாளி பெயர் கேட்காத விசா

பெர்மிட் என்றால் என்னவென்று உங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்று 1968-இல் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு அதை இறுக்கிப் பிடித்தார்கள். இருபது, முப்பது வருடம் பால்மரம் வெட்டியவருக்கும் அதே விதிதான். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பிரட்டுக்கு எழுந்து நின்றார்கள், எத்தனை மரம் வெட்டினார்கள் என்று எந்த மேசையிலும் கேட்கவில்லை. ஏறக்குறைய 60,000 பேர் மூட்டை கட்டி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். காஹாங், குளுவாங் பக்கத்து லயங்களில் வளர்ந்த நீங்கள் இந்தக் கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டிருப்பீர்கள்.

இன்று அதே வீட்டுப் பேரப்பிள்ளை செர்டாங்கிலோ ஸ்கூடாயிலோ முனைவர் பட்டம் முடித்துவிட்டு வந்து, "அம்மா, லண்டனுக்குத் திறமை விசா எழுதிப் போடப் போகிறேன்" என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி கூப்பிடுது?" என்பதுதான். "கம்பெனி எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். எவனோ ஏஜெண்டு பிள்ளையை ஏமாற்றுகிறான் என்று நினைப்பார். அவர் சந்தேகப்படுவது நியாயமே. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பிள்ளை சொல்வது சரி.

பிரிட்டன் 2020 பிப்ரவரி 20-ஆம் தேதி 'குளோபல் டேலண்ட்' என்ற விசாவைத் தொடங்கியது. சாதாரண வேலை விசா என்றால் அங்கே ஒரு முதலாளி பொறுப்பேற்க வேண்டும், இவ்வளவுக்குக் குறையாமல் சம்பளம் காட்ட வேண்டும். இந்த விசாவுக்கு இரண்டுமே தேவையில்லை. வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடும் கிடையாது. அங்கே போன பிறகு ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினாலும் விசா கையை விட்டுப் போகாது. துரைக்குக் கோபம் வந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டிய வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

அப்படியானால் பிள்ளைக்கு யார்தான் பொறுப்பு? அந்தந்தத் துறையின் பெரியவர்கள். அறிவியலுக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் ராயல் சொசைட்டி, பொறியியலுக்கு ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங், மொழி, வரலாறு, சமூகவியல் போன்றவற்றுக்குப் பிரிட்டிஷ் அகாடமி. இவர்கள் "இந்த ஆள் தேறுவார்" என்று ஒப்புதல் கொடுத்தால்தான் விசா. இளம் ஆய்வாளரிடம் மலையளவு சாதனையைக் கேட்பதில்லை. அவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. விளையும் பயிர் முளையிலே தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை.

இப்படி ஆள் பார்ப்பது நேற்று வந்த பழக்கமல்ல. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றவர்; சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் போட்டார். வேறு இரண்டு அறிஞர்களுக்கு எழுதியும் பயன் கிடைக்கவில்லை. ஹார்டி பட்டத்தைப் பார்க்கவில்லை. கடிதத்தோடு வந்த கணக்குகளைப் பார்த்தார். அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதே ராயல் சொசைட்டிதான் இன்று விசாவுக்கு ஒப்புதல் கொடுக்கிறது. 2020-இல் இந்த விசா தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவர், சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன்.

"அவர்களெல்லாம் மேதைகள். செம்பனைக் காட்டில் வளர்ந்த என் பிள்ளைக்கு அங்கே என்ன மதிப்பு?" என்று கேட்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எழுபதுகளில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த தாய்மார்களே, கையால் மகரந்தம் போட்டது நினைவிருக்கிறதா? மாவோடு கலந்த மகரந்தத்தைப் பெண்பூவில் ஊதிவிட்டு, மரம் மரமாகப் போவீர்கள். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பியிருந்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சி ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்காவில் கேமரூனுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே அந்த வேலையைச் செய்தது ஒரு சிறு வண்டு! அது மற்றப் பயிர்களைக் கெடுக்குமா, நோயைக் கொண்டுவருமா என்றெல்லாம் சோதித்த பிறகே இங்கே கொண்டுவந்தார்கள். வண்டுக்கும் அன்று பெர்மிட் சோதனை உண்டு. 1981 பிப்ரவரியில் முதன்முதலாக அதைப் பறக்கவிட்ட இடம் எது தெரியுமா? உங்கள் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டம். அதன் பிறகு கையால் மகரந்தம் போடும் வேலை ஒழிந்தது. அந்த வேலையின் கூலியை நம்பியிருந்த பெண்களுக்கு அது நல்ல செய்தியா என்பது வேறு விஷயம்.

ஒரு நாட்டு ஆய்வாளர், இன்னொரு நாட்டுப் பூச்சி, உங்கள் ஊர் மரம். எல்லை தாண்டி ஆள் போய்வராமல் இது நடந்திருக்காது. இன்றும் செம்பனை மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைப்பதையும், மரம் உள்ளுக்குள்ளேயே மக்கி ஒரு நாள் சாய்வதையும் நீங்கள் பார்க்கிறீர்கள். கானோடெர்மா என்ற அந்த நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அதைப் பற்றி ஆராய்ச்சி செய்த பிள்ளை தோட்டத்துப் பாடம்தானே என்று கூசக் கூடாது. ஒப்புதல் கொடுப்பவர்கள் பிறந்த இடத்தைக் கேட்பதில்லை. இந்த ஆராய்ச்சியில் இவர் சொந்தமாகச் சேர்த்தது என்ன என்பதைத்தான் துருவுவார்கள்.

ஏனென்றால் ஆராய்ச்சிக் கட்டுரை என்பது பெரும்பாலும் ஐந்தாறு பேர் பெயரில் வருவது. அதில் யார் யோசனை சொன்னார், யார் கண்டுபிடித்தார், யார் சும்மா ஒட்டிக்கொண்டார் என்பது வெளியில் தெரியாது. பிள்ளையின் பங்கு எது என்று பேராசிரியர் வெளிப்படையாக எழுதித் தர வேண்டும். "நல்ல பையன், கடுமையாக உழைப்பான்" என்ற கடிதம் நம் ஊர் வேலைக்குச் சரி. அங்கே அது செல்லாது. பிரிட்டனில் இருக்கிற, அந்தத் துறையில் பெயர்பெற்ற ஒருவருடைய பரிந்துரையும் வேண்டும். அவரைப் பிடிப்பது ஒரு மாதத்தில் நடக்கிற காரியமா? மாநாட்டில் பேசியிருக்க வேண்டும், கட்டுரை அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும், கடிதப் போக்குவரத்து இருந்திருக்க வேண்டும். முனைவர் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டிய வேலை இது. பணம் கொடுத்து எந்த ஏஜெண்டும் இதை வாங்கித் தர முடியாது. விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இணையத்தளத்தில் பிள்ளையே நிரப்பிக்கொள்ளலாம்.

இது கொஞ்சம் நீண்ட வழி. அங்கீகரித்த பட்டியலில் உள்ள ஆய்வு உதவித்தொகை ஏதாவது பிள்ளைக்குக் கிடைத்திருந்தாலும், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று தகுந்த ஆய்வுப் பதவி கொடுத்திருந்தாலும் ஒப்புதல் சீக்கிரம் வரும். ஒப்புதல் மறுத்தால் குடிமுழுகிப் போகாது. 28 நாளுக்குள், கட்டணம் இல்லாமல், மறுபரிசீலனை கேட்கலாம். ஒப்புதல் கிடைத்தால் மூன்று மாதத்துக்குள் விசாவுக்குப் போட்டுவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிற மலேசியர் காசநோய்ச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இனி காசு விஷயம். 2025 ஏப்ரலில் வைத்த கணக்குப்படி ஒப்புதலுக்கும் விசாவுக்கும் சேர்த்து 766 பவுண். இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ வரி என்று வருடத்துக்கு 1,035 பவுண், எத்தனை வருட விசாவோ அத்தனைக்கும் மொத்தமாக முன்பணம் கட்ட வேண்டும். ஐந்து வருட விசா கேட்டால் எல்லாம் சேர்த்து 5,941 பவுண். நம் காசில் 30,000 வெள்ளியைத் தாண்டும். ஆனால் ஐந்து வருடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை எத்தனை வருடம் என்று பிள்ளையே சொல்லலாம். சில பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிதி நிறுவனங்களும் இந்தச் செலவை ஏற்பதுண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அப்பாவின் சேமநிதியில் கை வைக்க வேண்டாம். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்த பிள்ளையானால், இங்கே இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெற்றவர்கள் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த விசாவில் மனைவியையோ கணவரையோ, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையோ கூட்டிப்போகலாம். அம்மா அப்பாவைக் கூட்டிப்போக முடியாது. நீங்கள் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆராய்ச்சித் துறையினர் மூன்று வருடத்தில் அங்கே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கிடையில், எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது பொது விதி. தீபாவளிக்கோ வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கோ வந்துபோவதற்கு அது தடையாகாது.

நிரந்தர வசிப்பு வாங்குவதால் நீல அடையாளக் கார்டு பறிபோகாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால் போய்விடும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்த நீலக் கார்டுக்காக உங்கள் வீட்டில் யார் யார் எந்தெந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தார்கள் என்பதைப் பிள்ளைக்கு ஒரு முறை சொல்லுங்கள். முடிவு அதனுடையது, கதை தெரிந்து முடிவெடுக்கட்டும்.

ஒரு சின்னக் காரியம் மிச்சமிருக்கிறது. நம்மவர்கள் பலருக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் பள்ளிக்கூடத்தில் ஒரு விதமாகவும் பெயர் எழுதியிருக்கும். கடப்பிதழில் தகப்பன் பெயரோடு நீளமாக இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையிலோ பிள்ளை சுருக்கமாக இரண்டெழுத்துப் போட்டிருக்கும். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இவை மூன்று ஆளாகத் தோன்றலாம். கட்டுரைகளில் வந்த பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையவை என்று பேராசிரியர் தம் கடிதத்தில் ஒரு வரி எழுதும்படி கேட்டு வாங்கிவிடுங்கள். பிறப்புப் பத்திரத்தையும் தேடி எடுத்து வையுங்கள். அது அலமாரியில் சேலைகளுக்கு அடியில்தான் இருக்கும்.